ஒரு பித்தளைக் கோதின் பொருட்டு நிகழ்ந்த பெரும்போர்

வாழி, வாழி! பங்குனி பிறந்தும் பனி விடாத ஸ்காபரோவின் செங்கல் வீடொன்றில், உலகத்தார் பேஸ்மென்ற் என்றும் தாம் ஆயுதசாலை என்றும் அழைத்த நிலக்கீழ் அறையை ஒரு குடைக்கீழ் ஆண்ட கோமான், அகன்ற நெற்றியும், அந்நெற்றி பின்கழுத்துவரை நீண்ட பெருமையும் உடையோன், ரயர்க் கடை வாசல்தோறும் நின்று, பழஞ்சில்லுகளினின்று கழற்றிய ஈயக் கட்டிகளைத் திறையாகப் பெற்று, கொல்லைப்புறத்துப் பனிநடுவே காஸ் அடுப்பேற்றி உருக்கி, பக்கத்து வீட்டுப் பூனை தும்மத் தும்ம இரும்பு வார்ப்பில் ஊற்றி, பேரீச்சங்கொட்டை அளவான குண்டுகளாக வார்த்தெடுத்த வித்தகன், நீக்கிலாப்பிள்ளை வாழி!

அன்னாரிடம் ஒரு துவக்கு இருந்தது. அடிப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டாவைத் தானே விழுங்கும் பழைய மாதிரித் துவக்கு. வாய் சிறிது, வீம்பு பெரிது. அந்தச் சிறுவாய்க்குப் பொருந்தும் தோட்டாக்கள் கடைகளில் மாசி மாதத்து வெயில்போல எப்போதாவதுதான் தலைகாட்டும். ஆதலால் வேந்தர் தம் தோட்டாக்களைத் தாமே செய்தார். ஆதலால் பகையும் விளைந்தது.

பகைவர் யாரெனில், வேந்தரின் மனைவி அன்ரனெற் அரசியாரின் தங்கை செரீனாவைக் கைப்பிடித்ததால் நம் வேந்தருக்குச் சகலனானவர். மட்டக்களப்பு பெற்றெடுத்து பிக்கரிங் குடியமர்த்திய வீரர். அதே வாயுடைய துவக்கொன்றை வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய தோட்டாவை மட்டுமே அதற்கு ஊட்டும் சாமித்தம்பியார். கிறிஸ்து பிறந்த கடந்த நத்தார் விருந்தில், ஆட்டெலும்புக் குழம்பின் ஆவி எழுந்த மேசையில், அவர் வாய் திறந்தார்.

“அண்ணை, உங்கட ஈயக் குண்டு போற வேகத்துக்கு நான் நடந்து போய்க் குறித் தகட்டைக் கையால தட்டிப்போட்டுத் திரும்பி வந்திடுவன். சும்மா ஏன் புகை குடிக்கிறியள்? என்னட்டக் கேளுங்கோவன், கடைத் தோட்டா ஒரு பெட்டி தாறன்.”

செவியில் வேல் பாய்ந்தது. வலக்கையில் எலும்பேந்தி, நாற்காலி பின்னே சரிய எழுந்தார் வேந்தர்.

“சாமித்தம்பி! வாற சூட்டுப் போட்டியில முதல் சூட்டில இருந்து கடைசிச் சூடு மட்டும் நான் வார்த்த குண்டுதான் வெடிக்கும். உம்மட்ட ஒரு தோட்டா, ஒரேயொரு தோட்டா, நான் கை நீட்டி வாங்கினனெண்டால் என்ரை துவக்கை நீர் கொண்டுபோம்!”

“எலும்பை வைச்சிட்டுச் சத்தியம் பண்ணுங்கோ,” என்றார் அன்ரனெற். “மேசைச் சீலை புதுசு.”

அவ்வாறு விழுந்த வஞ்சினம் பனிக்காலம் முழுதும் கனன்று, போட்டிக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானத்தை வந்தடைந்தது. பேஸ்மென்ற் மேசைமேல், போட்டிக்கு வேண்டிய தோட்டாக்கள் அத்தனையும் ஒளிவீசும் படையாக அணிவகுத்து நின்றன. ஒன்றே ஒன்று குறை. அவ்வொன்றுக்கென எஞ்சியிருந்த வெற்றுக் கோதும் ஒன்றே ஒன்று.

சுடப்பட்ட பித்தளைக் கோதானது கலியாண வீட்டில் உண்டு மீண்ட வயிறுபோல் உப்பியிருக்கும். மேசையில் பூட்டிய பொறியின் நெடும்பிடியை இழுத்து, உருக்கு அச்சுக்குள் அதனை நெரித்தால் பழைய மெலிவு வாய்க்கும். பிறகு அடியில் தீப்பொறி தரும் புதிய கப்பும், வயிற்றில் வெடிமருந்தும், வாயில் ஈயக் குண்டும் ஏற, அது மீண்டும் தோட்டாவாகிச் செருக்கும். ஆயின் நெரிக்குமுன் கோதின் மேனியெங்கும் அதற்கென விற்கும் கிறீஸைப் பூசுதல் இக்கலையின் முதல் விதி. வேந்தர் கிறீஸ் டப்பாவைத் திறந்தார். துடைத்த சட்டிபோல் இருந்தது. அதை விற்கும் கடையோ நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலுக்கும் அப்பால்.

சிந்தித்தார். குழந்தையின் உச்சிக்கும், பிடித்துக்கொண்ட முழங்காலுக்கும், கிறீச்சிடும் கதவுக்கும், தோசைக்கல்லுக்கும் ஒருங்கே மருந்தாகித் தம் இனத்தைக் காத்துவரும் திரவம் ஒன்று மேலேயுள்ள சமையல் குசினியில் இருக்க, வெள்ளைக்காரன் டப்பாவுக்கு ஏங்குவதா? படியேறினார்.

“அன்ரனெற், நல்லெண்ணெய்ப் போத்தில் எங்கை?”

“ஏன், முழுகப் போறியளோ? இந்தக் குளிருக்கையோ?”

“கோதுக்குப் பூச.”

“கோதுக்கோ? அதுக்கு வேறையேதோ பூசவேணும் எண்டு நீங்கள்தானே எனக்குப் பாடம் எடுத்தனியள்?”

“நல்லெண்ணெய்க்கு மிஞ்சி இந்த உலகத்தில ஒண்டுமில்லை.”

“அப்ப உங்கட தலைக்கு ஏன் வேலை செய்யேல்லை?” என்றார் அரசியார். என்றாலும் போத்தலை நீட்டினார்.

இனிப் போர். எள்ளின் நறுநெய்யாடி, மஞ்சனமாடிய மணமகன்போல் மினுங்கி நின்ற கோதினை வேந்தர் பொறியிலேற்றிப் பிடியைப் பற்றினார். முதல் அழுத்தில் கோது அச்சுக்குள் புகுந்தது, அகழி கடந்த யானைபோல். இரண்டாம் அழுத்தில் அரைவழி சென்று நின்றது, கோட்டைவாயிலில் கொம்பு சிக்கிய அதே யானைபோல். முன்னேறவில்லை. பின்வாங்கவுமில்லை. வேந்தர் கால்களை அகட்டி, பல்லைக் கடித்து, “அந்தோனியாரே!” என அலறிப் பிடியை மேலே இழுக்க, ‘டிக்’கென்று ஓர் ஓசை எழுந்தது. பொறி பற்றியிருந்த கோதின் அடிவிளிம்பு கிழிந்து கையோடு வந்தது. உடலோ உள்ளேயே தங்கி, அச்சைத் தன் அரணாக்கி, முற்றுகைக்கு அஞ்சாத குறுநில மன்னனாய் இறுமாந்து இருந்தது.

அடுத்து நிகழ்ந்தவற்றைச் சொல்ல ஆயிரம் நா வேண்டும். அச்சைக் கழற்றிக் கவிழ்த்து ஆணி வைத்துச் சுத்தியலால் சாத்தினார், ஆணி வளைந்தது. வெந்நீரில் அமிழ்த்தினார்; கோது சூட்டில் விரிந்து முன்னிலும் இறுகியது. இரசச் சட்டிதான் அந்த வெந்நீருக்குப் பாத்திரமானது என்பதை அரசியார் பின்னரே அறிந்தார். அறிந்தபின் அவர் பேசியதைச் சொல்வோம் என்றால், சொல்லத் தக்க மொழியில் அவர் பேசவில்லை. வெப்பம் பகையாயின் குளிர் நட்பன்றோ என்று தெளிந்த வேந்தர், அச்சைக் கொண்டுபோய் ஆழ்குளிர்ப்பெட்டியில் அறக்குளா மீன் துண்டுகளுக்கும் பொதிசெய்த முருங்கைக்காய்க்கும் நடுவே பள்ளிகொள்ளச் செய்தார்.

“இஞ்சேருங்கோ!” மேலிருந்து இடி இறங்கியது. “மீனுக்குள்ள என்ன இரும்பு கிடக்குது?”

“தொடாதையும்! அது போர்க்கைதி.”

“நல்லெண்ணெய் மணக்குது. நாளைக்குக் குழம்பில இரும்பு மணந்தால் ஆரைக் கேக்கிறது?”

“பித்தளை சுருங்கவேணும், பொறும்.”

“ஓம் ஓம். முப்பத்தைஞ்சு வருசமாப் பொறுக்கிறன். நானும் சுருங்கித்தான் போனன்.”

குளிர் வென்றது. உறைந்த அச்சை உயர்த்தி மரக்கட்டையில் ஓர் அடி அடிக்க, ‘ரிங்’கென்ற மணியோசையோடு கோது துள்ளி வெளியே விழுந்து, சீமெந்துத் தரையில் உருண்டு, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு அடியில் ஒளிந்தது. வேந்தர் மார்பால் ஊர்ந்து, கைவிட்டுத் துழாவி, பகைவன் தலையைத் தூக்குவார்போல அதை உயர்த்தி, “வெண்டிட்டன்!” என முழங்கினார். வாகை சூடிய அக்கணமே விளக்கொளியில் நோக்கினார். அடியில் விளிம்பில்லை, இடுப்பில் ஒரு கீறல். இனி அது கோதன்று. பித்தளைக் குப்பை.

ஒன்று குறை. ஒன்றே குறை. வேறு கோது எங்கே தேடுவது? பழைய காற்சட்டைப் பைகளைத் துழாவினார். கார் ஆசனங்களுக்கு அடியில் தேடினார். சில்லறைச் சாடியைக் கவிழ்த்தார். கள்ளுத் தவறணை மூடிய பின் வந்தவன்போல் வெறுங்கையோடு மீண்டார். விடிந்தால் கடைசிச் சூட்டில் துவக்கு வெறும்வாய் திறந்து நிற்கும், சாமித்தம்பியார் அருகே வந்து, “வேணுமோ அண்ணை?” என்பார், அந்தச் சிரிப்பு ஒவ்வொரு நத்தாருக்கும் எலும்புக் குழம்போடு பரிமாறப்படும். துவக்கைத் துணியில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு, பெண்ணைத் தூரதேசம் அனுப்பும் தந்தைபோல் அமர்ந்திருந்தார் வேந்தர்.

அப்போது அழைப்புமணி ஒலித்தது.

வந்தவர் சாமித்தம்பியார். எள்ளி நகையாட வந்த பகையென்று வேந்தர் படிக்கட்டில் நின்று உறுமினார். ஆனால் வந்தவரோ சப்பாத்தைக் கழற்றவே நெடுநேரம் எடுத்தார், தேத்தண்ணியைக் குடித்து, “நல்ல சாயம் அக்கா” என்றார், வானிலை பேசினார், கோடைக்குப் போட வேண்டிய ரயர் பற்றிப் பேசினார், செரீனாவின் பல்லுவலியும் பேசினார்.

“தம்பி, கால்மணித்தியாலமாக் கோப்பையின்ர அடியைப் பாக்கிறீர்,” என்றார் அன்ரனெற். “சொல்ல வந்ததைச் சொல்லும்.”

“மறுகா ஒண்டுமில்லை அக்கா... அண்ணை, கடை எல்லாம் ஏறி இறங்கிற்றன். எங்கட அளவுத் தோட்டா ஒரு இடமும் இல்லையாம். வர இன்னும் மாதக்கணக்கு ஆகுமாம். நாளைக்கு நான் வெறுந்துவக்கோட போறதோ? உங்கட ஈயம்... கொஞ்சம் இருக்குமோ?”

அந்தோ! அந்தச் சொற்கள் வேந்தரின் காதில் விழுந்த விதத்தை எவ்வாறு உரைப்போம்? கோடையிடி கேட்ட மயில் ஆடுமாம். இவர் ஆடவில்லை, தொண்டையைச் செருமினார். சற்றுமுன் ஒரு தோட்டாக் குறைந்து உலகிழந்திருந்தவர், இப்போது தம் கையில் ஓர் உலகம் இருக்கக் கண்டார். முழுப் போட்டியும் சுட முடியாத அவமானத்தை மூடுதற்குக் கொடையைவிட நல்ல போர்வை ஏது? மார்பை நிமிர்த்தினார்.

“சாமித்தம்பி, கேட்டு வந்தவனை வெறுங்கையோட அனுப்பிற வழக்கம் இந்த வீட்டில இல்லை. இருக்கிறதில சரிபாதி உமக்கு! எனக்கு முழுப் போட்டி இல்லாமல் போனாலும் காரியமில்லை. உமக்காண்டி விடுறன்.”

“அண்ணை!” சாமித்தம்பியாரின் கண் கலங்கியது. “உங்களைப்போய் நான் அண்டைக்கு...”

“பெரிய மனசு எங்கட அவருக்கு,” என்றார் அன்ரனெற். ஏப்பிரன் பைக்குள் கையை விட்டபடி புன்னகைத்தார்.

இரு வேந்தரும் மேசையின் இருபுறம் அமர்ந்தனர். பகை மறந்த படைகள் பங்கு பிரிந்தன. “முதல் உமக்கு,” என்றார் கொடைவள்ளல். “எனக்கு ஒண்டு, உங்களுக்கு ஒண்டு,” என்று பக்தியோடு பிரித்துக்கொண்டே போனார் சாமித்தம்பியார். “எனக்கு ஒண்டு, உங்களுக்கு ஒண்டு. எனக்கு ஒண்டு, உங்களுக்கு...”

பெட்டி வெறுமை.

“என்ன அண்ணை, ஒற்றையாக் கிடக்கு? போட்டிக்கு இரட்டைக் கணக்கெல்லோ வேணும்? முழுப் போட்டிக்கும் செய்தனீங்கள் எண்டீங்கள்?”

வேந்தர் வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். அன்ரனெற், வேந்தர் குப்பையில் எறிந்த கிழிந்த கோதைத் தம் பையிலிருந்து எடுத்து மேசை நடுவே வைத்தார். நல்லெண்ணெய் மணம் மெல்லப் பரவியது.

சாமித்தம்பியார் கோதை முகர்ந்தார். வேந்தரைப் பார்த்தார். பிறகு மேசையில் தலைவைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நல்லெண்ணெயோ! எங்கட அம்மாளாச்சி! அண்ணை, துவக்குக்கு முழுக்காட்டும் வைச்சிருக்கிறியள்!”

“அவன் கேட்டு வந்தவன்,” என்று வேந்தர் சுவரிடம் முறையிட்டார். “கேட்டு வந்தவன் சிரிக்கிறான்.”

சிரிப்படங்கி, கண் துடைத்து, தம் பங்கிலிருந்து ஒரு தோட்டாவைத் தனியே எடுத்து, வேந்தர் முன் நீட்டினார் சாமித்தம்பியார். “பிடியுங்கோ. நீங்கள் மூத்தவர், உங்களுக்கு ஒண்டு கூட இருக்கட்டும். சத்தியத்தை அந்த எலும்போடயே எறியுங்கோ. இன்னொரு துவக்கு வீட்டுக்குள்ள வந்தால் செரீனா என்னை வெளியில விட்டுக் கதவைப் பூட்டுவா.”

மலையோடு மலை மோதியதுபோல் வேந்தரின் நெஞ்சகத்தே இரு பெரும்படைகள் மோதின. வார்த்தது தம் ஈயம், ஆதலின் அது தம்முடையதே என்றது ஒன்று. நீட்டுவது சகலனின் கை, ஆதலின் மானம் போயிற்று என்றது மற்றொன்று. முரசம் அதிர்ந்தது, தேர்கள் உருண்டன, கொடிகள் கிழிந்தன, குலப்பெருமையும் குறிபார்க்கும் ஆசையும் குருதி தோய்ந்து கட்டிப் புரண்டன, வானோரும் மூச்சடக்கி நோக்க, உலகமெல்லாம் அந்த ஒற்றைத் தோட்டாவின் நுனியில் நின்று நடுங்கிற்று.

நீக்கிலாப்பிள்ளை கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.