தாலி கட்டிய இடத்தில் பிரியாணி

அந்த யோசனை எனக்குத் தோன்றியது, பாலக்கரையில் எங்கள் வீட்டில், அப்பாவின் லேப்டாப்பைத் திறந்த நொடியில். கரண்ட் பில்லை ஒருமுறை இறக்கினால் அவருக்குத் திருப்தி வராது. 'பில்', 'பில் (1)', 'பில் (2)' என்று ரயில் பெட்டி மாதிரி கோர்த்து வைத்திருந்தார். எல்லாம் ஒரே பில். எனக்கு அந்த அடைப்புக்குறியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒழிக்கிறேன் பார் என்று அதே கோபத்தோடு ஒரு புரோகிராம் எழுதினேன். லிங்கைக் கொடுத்தால் அதில் உள்ளதையெல்லாம் தானே இறக்கி ஒரே ஃபோல்டரில் போடும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். பெயர் ஒன்று என்றால் பொருளும் ஒன்றுதானே? (இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. அப்போது எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது.)

அந்த வாரம்தான் ஸ்டெல்லா அக்காவின் கல்யாணப் படங்கள் வந்தன. மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டார். அக்கா போய்ச் சேர விசா வேண்டும், விசாவுக்குக் கல்யாணப் படங்கள் வேண்டும். போட்டோகிராபர் ஸ்ரீரங்கத்து ரெங்கராஜன் அண்ணன். நிச்சயதார்த்தம், சர்ச், ரிசப்ஷன், பந்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லிங்க் அனுப்பியிருந்தார்.

நான்கையும் என் புரோகிராமுக்குத் தின்னக் கொடுத்தேன். திரையில் வரிவரியாகப் பச்சை எழுத்து ஓடியது. அடைப்புக்குறி ஒன்றுகூட இல்லை. பெருமை தாங்காமல் அண்ணனுக்கு, எல்லாம் இறங்கிவிட்டது, உங்களிடம் இருப்பதை அழித்துக்கொள்ளலாம் என்று மெசேஜ் போட்டேன். (அவர் கேட்கவேயில்லை. நானாகப் போட்டேன்.) அவரும் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டு அழித்துவிட்டார்.

அக்கா அந்த ஃபோல்டரை முதன்முதலாகத் திறந்தது தில்லைநகரில், விசா ஏஜென்ட் முன்னால். முதல் படத்தில் பிரியாணி. அடுத்ததிலும் பிரியாணி. தாலி கட்டியிருக்க வேண்டிய இடத்தில் மணப்பாறை மாமா லெக் பீஸைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா நகர்த்த நகர்த்த வாய்கள் மென்றுகொண்டே இருந்தன. மோதிரம் இல்லை, மாலை இல்லை, மாப்பிள்ளையே இல்லை. ஏஜென்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கல்யாணத்துக்கு ஆதாரம் இல்லம்மா. பிரியாணிக்கு ஆதாரம்."

வீடு திரும்பும்வரை அக்கா ஸ்கூட்டரின் பின்சீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். அவளை இறக்கிவிட்டு வண்டியை அப்படியே திருப்பினேன். காவிரிப் பாலம் முழுக்க ரெங்கராஜன் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கே காது வலித்தது. நாலு விசேஷத்திலும் முதல் படத்துக்கு 0001 என்று பெயர் வைப்பாரா ஒரு மனுஷன்?

"ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒண்ணுலேருந்துதாங்க ஆரம்பிப்பேன்," என்றார் அவர், நிதானமாக. "ரிசப்ஷனைப் போய் நானூத்திச் சொச்சத்துல ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்? ஒரு ராசி இல்லையா?"

ராசிதான். நிச்சயதார்த்தத்தின் மேல் சர்ச் ஏறி, சர்ச்சின் மேல் ரிசப்ஷன் ஏறி, கடைசியாக எல்லாவற்றின் மேலும் பந்தி ஏறி உட்கார்ந்துவிட்டது. பந்தியில்தான் படங்கள் அதிகம், அதனால் அடியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருடைய கேமரா கார்டில் அதற்குள் யாருடைய வளைகாப்போ நடந்து முடிந்திருந்தது. இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம்தான். பெயர் வைக்கச் சோம்பல்பட்டு நம்பர் போடுகிற அத்தனை பேர்மேலும் கோபம். நான் விரட்டியடித்த அந்தப் பாழாய்ப்போன அடைப்புக்குறி இருந்திருந்தால் எல்லாப் படமும் பிழைத்திருக்கும் என்பதில்தான் ஆகப் பெரிய கோபம்.

தாலி கட்டும் படம் இருக்கிறதா என்று சொந்தக்காரர்களிடம் கேட்டோம். யாரிடமும் இல்லை. பூசையில் ஃபாதர் செல்போனைப் பைக்குள் வைக்கச் சொல்லியிருந்தார். எங்கள் சனம் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது. கேட்காத ஒரே ஆள் பொன்மலைப் பெரியப்பா. ரயில்வே பணிமனை இரைச்சலில் காலம் தள்ளியவர், ஃபாதர் சொன்னது காதிலேயே விழவில்லை. அவர் எடுத்த வீடியோவில் பாதித் திரையை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் மாப்பிள்ளையின் கை, அக்காவின் கழுத்து, நடுவில் தாலி. கூடவே பெரியப்பாவின் குரல்: "பந்தி எப்பங்க?"

அதிலிருந்து வெட்டியெடுத்த ஒரே படம், திருமணச் சான்றிதழோடு சேர்ந்து போனது. விசா வந்தது. அந்தப் படம்தான் எங்கள் ஹாலில் ஃப்ரேம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் அந்தப் பழுப்பு நிறத் தூண் எந்த சர்ச்சில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். எந்த விசேஷத்திலும் இலை போட்டவுடன் மணப்பாறை மாமா என்னைத் தேடுவார். "பாப்பா, கை வைக்கலாமா? கல்யாணம் அழிஞ்சிடாதுல்ல?"

அடுத்த மாதம் அக்கா குழந்தையோடு வருகிறாள். பாலக்கரையில் ஞானஸ்நானம். அதே ரெங்கராஜன் அண்ணன், அதே 0001. புரோகிராமைத் திருத்திவிட்டேன். இனி அது எதையும் அழிக்காது. எந்த லிங்கிலிருந்து வந்தது என்பதையும் பெயரோடு ஒட்டிவிடும். போனில் அக்காவுக்கு இதை விலாவாரியாக விளக்கினேன். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"நல்லா எழுதுடி," என்றாள். "பெரியப்பாவை மட்டும் முன்வரிசையில உக்கார வெச்சுடு."