மாமனார் கேமராவும் மலையடித் தண்டவாளமும்

பயமே கிடையாது என்று சொல்லித் திரிகிறவனைக் கவனித்துப் பாருங்கள் பிள்ளைகளே, ஓடுவதற்குத் தோதான செருப்பாகத்தான் போட்டிருப்பான். நானும் அப்படி ஒருவன்தான்.

எண்பதுகளில் ஒரு தை மாதம். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு சாணார்பட்டியில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிடும்போது, சிறுமலை அடிவாரத்துப் பழைய தண்டவாளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு காலத்தில் மலையில் வெட்டிய மரத்தை டிராலியில் இறக்குவதற்காகப் போட்டது. டிராலி நின்று எத்தனையோ வருஷமாகியும், பனி இறங்கினால் இரும்புச் சத்தம் கேட்கும் என்றார் என் மாமனார்.

"அம்புட்டும் கட்டுக்கதை மாமா. நாளைக்கே போட்டோ எடுத்துட்டு வாரேன்" என்றேன். (கறிக்குழம்பு கொடுத்த தைரியம்.)

அவர் பீரோவைத் திறந்து, மலேயாவிலிருந்து வந்த கேமராவை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். "உசுரு மாதிரி வச்சிருக்கேன் மாப்பிள்ள. கீழ போட்டுறாதீக."

விடியலில் நான், மாமனார், உங்கள் அம்மா மூவரும் போனோம். முழங்கால் வலி என்று அவர் ரோட்டுப் பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உங்கள் அம்மாவும் புதருக்குள் நடந்தோம்.

ஒரு குருவிச் சத்தம் இல்லை. துருப்பிடித்த தண்டவாளத்தின் மேல் பாம்புச் சட்டை ஒன்று முழுசாகக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் தண்டவாளமே இல்லை, பனிதான். எங்கள் காலடிச் சத்தம்கூடக் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டது.

அம்மாவைத் தண்டவாளத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, கேமராவில் கண்ணை வைத்தேன்.

"ஏங்க, இரும்பு அதிருற மாதிரி இருக்கு."

"காத்தா இருக்கும். நீ சிரி."

காற்றே இல்லை என்பது எனக்கும் தெரியும். டங். செத்த நேரம் அமைதி. மறுபடியும் டங்.

அவள் சிரித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் பனி கறுத்துத் திரண்டது. இரண்டு பக்கமும் புடைத்த ஓர் உடம்பு. தலை இருக்க வேண்டிய உயரத்தில் தலை இல்லை. அது மெதுவாக அவளைப் பார்த்து வந்தது. என் விரல் தானாகக் கேமராப் பொத்தானை அமுக்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை மரியாதையாகச் சொல்ல வழியில்லை. கேமராவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். முள் சட்டையைக் கிழித்தது. ஒரு செருப்பு போயிற்று. (கேமராவில் ஒரு கீறல் இல்லை.)

பாலத்தில் மாமனார் எழுந்து நின்றார். "மாப்பிள்ள, செல்வி எங்க?"

"கேமரா பத்திரமா இருக்கு மாமா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. திரும்பி ஓடப் பார்த்தேன். அதற்குள் டங், டங் என்று அதுவே எங்களைத் தேடி வந்தது.

பனியிலிருந்து முதலில் வந்தது, முதுகின் இரண்டு பக்கமும் வாழைக்காய்ப் பொதி சுமந்து, தலையைத் தொங்கப் போட்டு நடந்த ஒரு குதிரை. பின்னால் குதிரைக்காரர். பக்கத்தில் உங்கள் அம்மா, ஒரு கையில் மலை வாழைப்பழம், மறு கையில் என் செருப்பு. புதர் இல்லாத வழி என்று தண்டவாளத்தை ஒட்டித்தான் குதிரையை இறக்குவார்களாம். லாடம் இரும்பில் பட்ட சத்தம்தான் அது.

குதிரைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏத்தா, கேமராவத் தூக்கிட்டு ஓடுன களவாணி இவன்தானா?"

"இல்லண்ணே, எங்க வீட்டுக்காரரு."

நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். யாராவது அதன் முன்னால் நின்றால் போதும், அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா குரல் வரும்: "நல்லா பாத்துக்கங்க. இவுகள நான் முழுசா நம்புன கடைசி நிமிஷம் அது."