பிறவிச் செருப்பு

மோசஸ் செருப்பைத் துறந்தார்.

சும்மா துறக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம், லைன் வீட்டு வாசலில் நின்று, அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்க, தன்னிடம் இருந்த செருப்பு, ஷூ அத்தனையையும் வாரி மைத்துனன் சாம்சன் கையில் திணித்து, "எடுத்துகினு போடா மச்சான், இனிமே இந்தக் கருமம் எனக்கு வாணாம்" என்று சொல்லித் துறந்தார். சாம்சனுக்குக் கால் இரண்டு சைஸ் பெரிசு. இருந்தாலும் வாங்கிக்கொண்டான். ஓசியில் வருவதற்கு அவன் என்றைக்குமே சைஸ் பார்த்ததில்லை.

காரணம் முட்டி வலி. மோசஸ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். கம்பெனியில் கொடுக்கும் பூட்ஸ் இருக்கிறதே, அது பூட்ஸ் இல்லை, மூக்கில் இரும்பு வைத்த இரண்டு குட்டி லாரி. அதைக் கட்டி இழுத்து முட்டி போயிற்று என்பது அவர் கட்சி. கூட வேலை செய்யும் கலியன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரர் மலை மேல் வெறுங்காலில் மான் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார். செருப்பைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் மனுஷனுக்கு முட்டி வலி வந்தது என்றார். மோசஸுக்கு அன்றைக்கே ஞானம் வந்துவிட்டது.

முதலில் வெறுங்கால் இல்லை. முதலில் ஒரு ஷூ வாங்கினார். அதன் அடிப்பக்கம் அப்பளம். முன்பக்கம் விரல் விரலாகப் பிரிந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மனைவி சின்னப்பொண்ணு முன்னால் போய் நின்றார்.

"இன்னாய்யா இது? காலுக்குக் கையொறையா?"

"மினிமல் ஷூ மே. போட்டா போடாத மாதிரியே இருக்கும்."

"போடாத மாதிரி இருக்கறதுக்கு எதுக்குய்யா துட்டு? போடாமயே இருந்துட்டுப் போவலாமே!"

இது நறுக்கென்று தைத்துவிட்டது. இந்த வீட்டில் அவர் பேச்சு எடுபட்டதே இல்லை. ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றார், ஃபிரிட்ஜ் வந்தது. சுவருக்குப் பச்சை பெயிண்ட் என்றார், ரோஸ் அடித்தார்கள். சாம்சனை வீட்டோடு வைத்துக்கொள்ள முடியாது என்றார். சாம்சன் பீரோவோடு வந்தான். கல்யாணமான நாளிலிருந்து மோசஸ் சொன்ன சொல் ஒன்றுகூட அந்த வீட்டில் ஒரு முழு நாள் உயிரோடு இருந்தது கிடையாது. ஒரே ஒரு சொல், ஒன்றே ஒன்று, நிற்க வேண்டும் என்று அந்த மனுஷன் மனதுக்குள் ஏங்கிப் போயிருந்தார். போடாமல் இருந்துவிட்டுப் போகலாமா? போகிறேன் பார்! அப்படித்தான் துறவு நடந்தது.

"கல்லு மண்ணு குத்தாதா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"குத்தாது. ஏன் சொல்லு? காலே ஒரு செருப்புமே! ஆண்டவரு நம்மள அனுப்பும்போதே போட்டு அனுப்பிச்ச செருப்பு!"

"இன்னொரு வாட்டி சொல்லு."

மோசஸுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அவரை யாரும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னதே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்து வீட்டு கங்கம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "என் காலுதான் என் செருப்பு!"

"கங்கம்மாக்கா, கேட்டுகினியா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றாள் கங்கம்மா.

"யோவ், அப்பறம் பேச்சு மாறமாட்டியே?"

"மாறினா என் பேரு மோசஸே இல்ல!"

"சரி" என்றாள் சின்னப்பொண்ணு.

சண்டை இல்லை, கூச்சல் இல்லை, வெறும் "சரி". புத்தியுள்ள புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகி, சாம்சனைத் துரத்திப் பிடித்துச் செருப்பைப் பிடுங்கியிருப்பான். மோசஸ் போய்ப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவருக்கு வீக்லி ஆஃப். விடிந்ததும் சிப்காட் ரோட்டில் ஓடினார். ஓட்டம் என்று அவர் சொல்கிறார். பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். ரோடு முழுக்க இரும்புச் சக்கை, ஜல்லி, போதாததற்கு வேலிகாத்தான் முள். ஆண்டவர் கொடுத்த செருப்பில் ஒவ்வொன்றும் தனித்தனியாக விசாரித்துவிட்டுப் போயிற்று. "அம்மா", "ஐயோ", "அல்லேலூயா" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார். "அண்ணே, ஏறுங்கண்ணே! எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ போ."

"செருப்புகூடப் போடாம ஓடியாறீங்களே, ஊட்ல யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலய்யா! ஒடம்புக்கு ஓடறேன்!"

ஆட்டோவில் இருந்த ஒரு அம்மா "ச்சொ ச்சொ" கொட்டினாள். "பாவம், துக்கத்துல பேசுறாரு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

எப்படியோ போய்த் திரும்பிவிட்டார். உள்ளங்கால் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. ஆனால் மார்பு நிமிர்ந்திருந்தது. நேராக வீட்டுக்குள் நுழையப் போனார். வாசற்படியில் சின்னப்பொண்ணு துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"நில்லு. செருப்ப வெளிய உட்டுட்டு வா."

"எந்தச் செருப்பு? நான்தான் வெறுங்..." என்று ஆரம்பித்தவருக்கு வார்த்தை பாதியில் நின்றது.

"காலே செருப்புன்னு நீதான சொன்ன? செருப்ப எங்க விடுவாங்க நம்ம ஊட்ல?"

"வாசல்ல."

"அப்ப வாசல்ல உடு."

"கால எப்பிடிமே வாசல்ல உட்டுட்டு நான் மட்டும் உள்ள வர்றது?"

"அது உன் பேஜாரு. நான் ஊட்டத் தொடச்சி வெச்சிருக்கேன்."

மோசஸ் தெருக்குழாய்க்குப் போனார். சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வந்து காட்டினார். பளபளவென்று இருந்தது.

"ஏன்யா, செருப்பக் கழுவிட்டா, போட்டுகினு ஊட்டுக்குள்ள நடப்பியா?"

நடக்கமாட்டார். வசமாக மாட்டிக்கொண்டார். "காலு வேற செருப்பு வேற" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், உள்ளே போய் இட்லி சாப்பிட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மோசஸ் அதைக் கடித்து விழுங்கினார். மாட்டேன்! இந்த ஒரு சொல்லும் செத்துப்போனால் அப்புறம் இந்த வீட்டில் நான் எதற்கு? சாம்சன் பீரோ பக்கத்தில் என்னையும் சாத்தி வைத்துவிடலாம்!

"நான் இங்கயே குந்திக்கறேன்!" என்று கர்ஜித்தார்.

"குந்திக்கோ" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் வெளியே தள்ளினாள். நாஷ்டா ஜன்னல் வழியாக வந்தது.

சாம்சன் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து விஷயத்தைக் கேட்டான். அக்கா சோறு போடுகிறாள், மாமா சம்பாதிக்கிறார். அவன் யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் யோசித்தான்.

"மாமா! புதுச் செருப்பு வாங்குனா இன்னா பண்றோம்? டப்பாவோட உள்ள எட்த்துகினு போறோம் இல்ல?"

மோசஸ் கண்ணில் வெளிச்சம் வந்தது. "டேய், நீ ஆளுடா!"

ஃபேன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைச் சாம்சன் தேடிக் கொண்டுவந்தான். மோசஸ் இரண்டு காலையும் அதற்குள் வைத்து, பெட்டியின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, தவளை மாதிரி குதித்துக் குதித்துப் படியேறினார். தெருப் பிள்ளைகள் கை தட்டின. சின்னப்பொண்ணு நகரவே இல்லை.

"டப்பால வர்றது புதுச் செருப்பு. இது இன்னா புதுசா? நாப்பத்தஞ்சு வருஷம் தேஞ்சது. பில்லு இருந்தா காட்டு."

பெட்டி கிழிந்தது. மோசஸ் நாற்காலிக்குத் திரும்பினார். சாம்சன் சாப்பிட உள்ளே போய்விட்டான்.

அதற்கப்புறம் பகல் பூராவும் பார்க்க வேண்டுமே! "வெளியதான குந்திகினு கீற, தண்ணி லாரி வந்தா புடி" என்றாள். பிடித்தார். "மோர்மிளகா காயுது, காக்கா வராம பாத்துக்கோ" என்றாள். பார்த்துக்கொண்டார். கூரியர்காரர், கேஸ்காரர், கோயில் திருவிழா வசூல்காரர்கள், எல்லோருக்கும் அவரே பதில் சொன்னார். வெயிலில் வெந்தார். ஆனால் வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த வீம்புக்கு மட்டும் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

சாயங்காலம் ஆயிற்று. மோர்மிளகாயை எடுக்கச் சின்னப்பொண்ணு வெளியே வந்தாள். முறத்தில் வாரிக்கொண்டாள். திரும்பி உள்ளே போகக் காலைத் தூக்கினாள். மோசஸ் அந்தக் காலைப் பார்த்தார். மூளைக்குள் மணி அடித்தது.

"நில்லுமே!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"உன் கால்ல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வெறுங்கால்! வெறுங்காலு இன்னா? செருப்பு! செருப்போட ஊட்டுக்குள்ள போவியா நீ? எனக்கு ஒரு நாயம், உனக்கு ஒரு நாயமா? கங்கம்மாக்கா, நீயே சொல்லு!"

சின்னப்பொண்ணு வாயடைத்து நின்றாள். ஐயா, அந்தக் காட்சியைப் பார்க்க மோசஸ் எத்தனை வருஷம் தவம் கிடந்தார்! தூக்கிய காலை அவள் அப்படியே கீழே வைத்தாள்.

"நாயந்தான்" என்றாள். "நானும் வெளியதான் இருக்கணும். எந்திரி, நான் குந்திக்கறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, "உஸ்ஸப்பா" என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று மோசஸ் கொஞ்ச நேரம் மிதந்தார். அப்புறம் வயிறு கூப்பிட்டது.

"ராத்திரிக்கு இன்னாமே சோறு?"

"அரிசி உள்ள கீது. மீனு உள்ள கீது. அடுப்பு உள்ள கீது. நான் வெளிய கீறேன்."

"அப்ப யாரு ஆக்கறது?"

"எனக்கு இன்னா தெரியும் நைனா? நீதான தீர்ப்பு சொன்ன."

கங்கம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள். "ஏண்டி சின்னப்பொண்ணு, நானும் வெறுங்காலோடதான் நிக்கறேன்" என்று சொல்லி அவளும் வந்து உட்கார்ந்தாள். எதிர்வீட்டு செல்வி வந்தாள். கோடி வீட்டு ஆரோக்கியமேரி வெங்காயத்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்தாள். அந்த லைனில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பெண்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஷிஃப்ட் முடிந்து ஆண்கள் வந்தார்கள். கங்கம்மா புருஷன் கோபால்தான் முதலில். காலி அடுப்பைப் பார்த்தார், வெளியே வந்தார்.

"காலே செருப்புன்னு சொன்னவன் எவன்?"

எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது.

"மோசஸண்ணா, ஒரே ஒரு வார்த்த. காலு வேற, செருப்பு வேறன்னு சொல்லிட்டுப் போயிடு. பசி உயிர் போவுது!"

"உயிரே போவட்டும்!" என்றார் மோசஸ். "ஃபிரிட்ஜுல உட்டுக்குடுத்தேன். பெயிண்ட்ல உட்டுக்குடுத்தேன். இதுல மாட்டேன்! அல்லாருக்கும் பிரியாணி நான் வாங்கினு வரேன். சொன்ன சொல்ல மட்டும் மாத்தமாட்டேன்!"

"எனக்கு லெக் பீஸ்" என்றாள் சின்னப்பொண்ணு.

மோசஸ் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார், வெறுங்காலில்தான். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் பார்சல், ஒவ்வொரு அடிக்கும் ஒரு "ஸ்ஸ்". வந்து பார்த்தால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் வீட்டுக்குள்தான் டிவி அலறிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் சுவரோரம் பசியோடு சாய்ந்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"எப்பிடிமே உள்ள போன?"

"செருப்பு போட்டுகினு ஒரு நடை நடந்தோம். வாசல்ல கழட்டி உட்டோம். உள்ள வந்தோம்."

"அப்ப உன் காலு? அது செருப்பு இல்லியா?"

"செருப்பு மேல யாராச்சும் செருப்பு போடுவாங்களாய்யா? நாங்க போட்டோம். அப்ப எங்குளுது காலு. உன்துதான் செருப்பு."

பார்சல்கள் ஜன்னல் வழியாக உள்ளே போயின. மோசஸின் பங்கும் சேர்ந்தே போய்விட்டது. "உன்து இங்க பத்திரமா கீது, எப்ப வேணா வந்து துன்னு" என்று சொல்லிவிட்டுச் சின்னப்பொண்ணு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரிக்கிற சத்தம் கேட்டது. வாசனை மட்டும் வெளியே வந்தது.

மோசஸ் நிமிர்ந்து நின்றார். மாட்டேன். சொன்னது சொன்னதுதான். செத்தாலும் சரி! உள்ளே ஆரோக்கியமேரி எலும்பைக் கடித்தாள். மாட்டேன் என்றால் மாட்டேன். கால் இரண்டும் நெருப்பாக எரிந்தது. தெருவை இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. வரிசையில் ஓரமாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. ரோஸ் கலர். பட்டாம்பூச்சி போட்டது. அதில் அவர் பாதம் பாதிகூடப் போகாது. சத்தம் வராமல் இரண்டு கட்டை விரலை மட்டும் உள்ளே விட்டார்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யோவ், அது கங்கம்மாக்காவுது. கழட்டிட்டு உள்ள வா."