ஆறு கஸட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்

மருதமுனை,
12.03.1984

அன்பின் மச்சான் ஜவுபர் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் ராத்தா அஸீஸாவும் பிள்ளைகளும் வல்ல நாயன் கிருபையால் நல்ல சுகம். தோஹாவின் வெயிலில் உன் உடம்பை அவன் காத்தருள வேண்டுமென்று ஐந்து நேரமும் கேட்கிறோம். நிற்க.

இளைய மகள் நதீராவின் நிகாஹ் கடந்த வெள்ளி அஸர் தொழுகைக்குப் பின் நம் வீட்டிலேயே சிறப்பாக நிறைவேறியது. லீவு கிடைக்காமல் நீ வராத கவலை உன் ராத்தாவுக்கு இன்னும் ஆறவில்லை. ஞாபகசக்தி வளர வேண்டி நீ எனக்கு அனுப்பிய ஆறு கஸட்டுகளையும் லீவு முடிந்து தோஹா திரும்பும் சரீப் தம்பி வசம் இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். அவற்றால் யாதொரு பயனும் கிட்டவில்லை என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்.

நீ என்னத்தை நினைத்து அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாதா? நாலு வருசத்துக்கு முந்தி மூத்தவள் ஸகியாவின் நிகாஹில், சபை நிறைந்திருக்க, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு "என் மகள் அஸீஸாவை உமக்கு நிகாஹ் செய்து தந்தேன்" என்று சொன்னவன் நான். மௌலவி பதறிப்போய் நிறுத்தினார், மாப்பிள்ளை முழிச்ச முழி இன்னும் என்ட கண்ணுக்குள்ள நிக்குது, முதல்ல சிரிச்சவன் நீதான், அதை மட்டும் நான் மறக்கல்ல. முப்பத்திரண்டு வருசம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பாடமாக்கிக் குடுத்த ஹெட்மாஸ்டர் அபுல் ஹஸன் பெண்சாதியையே கட்டிக் குடுக்கப் பார்த்தாராம் எண்டு சந்தையில இண்டைக்கும் கதை. இப்ப பென்சனுக்குப் பிறகு மறதி இன்னும் கூடிட்டு. நதீரா கடைசிப் பிள்ளை, அவளுக்கும் பேரைப் பிழைச்சுட்டா திருத்திச் சொல்ல எனக்கு இன்னொரு மகள் இல்ல. அந்தப் பயத்திலதான் மச்சான் உன்ட கஸட்டை றேடியோவில போட்டன்.

கஸட்டில் கதைக்கிறவர் மெட்ராஸ்காரர் போல. முதலாவதில் கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார். விட்டேன். உன் ராத்தா வந்து உலுப்பும்போது லுஹர் தொழுகை போய் அஸருக்கு பாங்கு சொல்லியாச்சு. ரெண்டாவதில், ஒரு ஆளின் பேர் மறக்காமலிருக்க அந்தப் பேரை ஒரு படமாக நினைக்கச் சொன்னார். மீன் கொண்டு வாற சீனித்தம்பியின் தலையில ஒரு சீனி மூட்டையை மனசால தூக்கி வச்சன். மறுநாள் பார்த்தா மூட்டை இருக்கு, வெள்ளையாவும் இருக்கு, உள்ளுக்க என்ன எண்டுதான் விளங்கல்ல. "மாத்தம்பி, பாரை இருக்கா?" எண்டு கேட்டுட்டன். அவர் கோபிக்கல்ல. மா தட்டுப்பாடா இருக்கிற நேரம் நல்ல பேருதான் மாஸ்டர் எண்டு சொல்லி நல்ல பாரையாப் பார்த்துத் தந்துட்டுப் போனார். மூணாவது நடுவில பெட்டரி இறங்கி, மெட்ராஸ்காரரே சொல்ல வந்ததை மறந்த மாதிரி இழுத்து இழுத்துக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு அந்த மனிசன்ட மேல பாவமாப் போயிட்டு.

நாலாவதும் அஞ்சாவதும்தான் ஆளைக் கெடுத்தது. பாடமாக்க வேண்டியதைத் துண்டு துண்டாக்கி உங்கள் வீட்டில் அறை அறையாக வையுங்கள், பிறகு மனதால் நடந்துபோய் எடுங்கள் என்றார். நானும் வாசல்ல பிஸ்மியை வச்சன், ஹோலில மாப்பிள்ளை மீராசாவை இருத்தினன், நடு அறை அலுமாரிக்குள்ள மஹர் காசை வச்சன், குசினியில நதீராட பேரை வச்சன். ஒரு மாசம் நல்லா வந்துது. ஆனா நம்மட வழக்கம் அந்த மெட்ராஸ்காரருக்குத் தெரியுமா? வீடு நதீராவுக்குச் சீதனமாக் குடுத்தாச்சு. கலியாணத்துக்கு முதல் கிழமை உன் ராத்தா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பிச்சு, எங்கட அலுமாரி கட்டில் சட்டி பானை எல்லாத்தையும் பின் வளவில கட்டின ரெண்டறை வீட்டுக்கு ஏத்திட்டா. அண்டைக்கு ராவு மனசால நடந்து பார்க்கிறன், ஹோல் வெறிச்செண்டு கிடக்கு, அலுமாரி இல்ல, குசினியில அடுப்பும் இல்ல நதீராவும் இல்ல. இருபத்தாறு வருசம் இருந்த வீடு மச்சான். கொஞ்ச நேரம் அழுதன், உன் ராத்தாட்ட சொல்லாத.

ஆறாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மௌலவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொறுப்பை என்னிடம் தந்தால் நானே சொல்லிவிடுவேன் என்று காதுக்குள் சொன்னார். வேண்டாம் என்றேன். மீராசாவின் கையைப் பிடித்தேன். "என் மகள்" எண்டது வந்துது. அதுக்குப் பிறகு ஒண்ணுமில்ல. சபையே என்னைப் பார்க்குது, வாய்க்குள்ள அஸீஸா வந்து நிக்கிறா. உள்ளுக்க யாரோ இருமின சத்தம் கேட்டுது. "நதீராவை" எண்டன். ஒரு எழுத்துப் பிழைக்கல்ல. ஆகவே என் தலை நன்றாகவே இருக்கிறது. இனிமேல் இப்படியான சாமான் ஒன்றும் எனக்கு அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ராத்தா, ஸகியா, நதீரா, புதிய மருமகன் எல்லோரும் உனக்கு ஸலாம் சொல்கிறார்கள். உன் ரிஸ்கிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறக்கத் செய்து, சீக்கிரம் உன்னை எங்கள் கண்ணில் காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
அ. அபுல் ஹஸன்

பி.கு: பார்சலை எண்ணிப் பார்க்காதே, அஞ்சுதான் இருக்கும். ஆறாவதில மெட்ராஸ்காரர் இல்ல. நதீரா அதை அழிச்சுட்டு தன்ட குரலைப் பிடிச்சு வச்சிருந்தாள். "வாப்பா, பேரு வராட்டி அவசரப்படாதீங்க. உம்மாட பேரு வந்தாலும் பரவால்ல, அது என்ட பேருக்கு முந்தி நீங்க பாடமாக்கின பேருதானே. நான் கதவுக்குப் பின்னால நிப்பன், ஒருக்கா இருமுவன், அப்ப சொல்லுங்க." அதை வைக்க மறந்துட்டன் எண்டு நினைச்சுக்கொள். பெரிய பெட்டரி ஒரு டசின் அனுப்பு, இஞ்ச இருக்கிறது இறங்கிட்டு, புள்ளையின்ட குரல் இழுபடுது.