சத்தப் பெட்டி வைத்து ரகசியம் பேசினோம்

பேத்தமங்களா ஏரி நிரம்பி, ஊரே பஸ் ஏறிப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்ததே, அந்த மழைக்கு அடுத்த தையில்தான் என் கடைசி மகள் செல்விக்குச் சம்பந்தம் பேசினோம். (அந்த பஸ்ஸில் என் ஒத்தைச் செருப்பு போச்சு. அது வேற கதை.)

எங்கள் ஸ்கெலட்டன் லைன், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரையைத் தொடாது. இங்கே தும்மினால், அடுத்த வீட்டு மாரியக்கா அங்கிருந்தே "நூறு ஆயுசு" என்பாள். லைனில் ஒரு கல்யாணம் என்றால் அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். எல்லாருக்கும் கல்யாணச் சாப்பாடுதான். மாப்பிள்ளை வீட்டிலோ, கோயிலில் தாலி, நெருங்கிய சொந்தம் மட்டும், ஒத்துக்கொண்டால்தான் சம்பந்தம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பேசி முடிப்பதற்குள் லைனுக்குத் தெரிந்தால் சண்டை வரும். செல்விக்குப் பிடித்த இடம் கைவிட்டுப் போகும்.

பெங்களூரில் வேலை செய்யும் என் மகன் மணி ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்தான்.

"நைனா, இதுக்கு நெட்டும் வாணாம், போனும் வாணாம். மழை மாதிரி சத்தம் போடும். நாம பேசறது செவுத்துக்கு அந்தாண்ட கேக்காது."

மாப்பிள்ளையின் அப்பா பேச வந்து உட்கார்ந்ததும், மணி அதைச் சுவரோரம் வைத்துத் தட்டினான். 'ஸ்ஸ்ஸ்' என்று கிளம்பியது.

அங்கேதான் கெட்டது. நானும் சம்பந்தி முனுசாமியும் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில் பிடித்தே காது மந்தமானவர்கள். பக்கத்தில் சத்தம் கேட்டால் எங்கள் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

"இன்னாங்க சொல்றீங்க?" என்று கத்தினேன்.

"லைன் ஆளுங்கள கூப்பிட வாணாம்ங்க!" என்று அவரும் கத்தினார்.

மணி பயந்துபோய்ப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினான். அவன் கூட்ட, நாங்களும் கூட்டினோம்.

"மாரியக்காவும் வாணாமா?" என்றேன்.

"வாணாம்!"

"சரிங்க! அவ வந்தா தங்கச்சி குடும்பத்தையே இட்டுனு வருவா!"

சுவருக்கு மேலிருந்து மாரியக்கா குரல் வந்தது: "என் தங்கச்சி வரமாட்டா அண்ணே, நான் மட்டும் வரேன்!"

கதவைத் திறந்தால் வாசலில் லைனே நிற்கிறது. செல்வி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாரியக்கா விடுவிடுவென்று உள்ளே வந்து, சம்பந்தி கையில் டீயை வைத்தாள்.

"குடிங்க. தொண்ட காஞ்சிருக்கும். கூப்பிடாங்காட்டி போவுது, வெங்காயம் உரிக்கவாவது நாங்க வரலாமா?"

சம்பந்தி டீயைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "எல்லாரும் வாங்க" என்றார். அன்று அவர் மெதுவாகச் சொன்னது அது ஒன்றுதான்.

கல்யாணத்தன்று லைனில் ஒரு அடுப்பும் எரியவில்லை. இப்போதும் நான் யார் காதிலாவது குசுகுசுத்தால், செல்வி கேட்கிறாள்: "நைனா, பெட்டிய போடட்டுமா?"

உங்களுக்குத் தெரிந்த டிரில்காரர் யாராவது அந்தப் பெட்டியை வாங்கப் போனால், இதைக் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்கும் காது கேட்காது.