கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து போகிறவன்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேர்த்து மாப்பிள்ளைக்கு உன் மாமா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரி, உன் தொப்பை மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது உன்னிடம் வேறு மாதிரி சொல்வார்கள். நீ போனில் ஏற்றிக் கொடுத்தாயே குதிரைப் படம், அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தேன். குதிரை சேற்றில் மாட்டிக்கொண்டதும் எனக்குத் தாங்கவில்லை, வாய்விட்டு அழுதுவிட்டேன். நர்சம்மா கையில் ஊசியோடு ஓடிவந்து, "எந்த பெட்டுங்க? யாரு போயிட்டாங்க?" என்றது. குதிரை என்றேன். நிஜமாக அழ வேண்டியவர்களே இங்கே சத்தமில்லாமல் அழுகிறார்கள், உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டுவிட்டுப் போனது. நியாயமான கேள்விதான்.

ஏன் போன் பண்ணாமல் கடிதம் என்று கேட்பாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். உன் அக்கா இப்போதுதான் கண்ணசந்திருக்கிறாள். கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, மருந்துத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் தட்டைத் திட்டு. ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும், அது உனக்குத் தெரியும். மெதுவாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் உன் அக்காவும் கல்யாணமான நாளிலிருந்து மத்தியானக் காட்சிதான் பார்த்திருக்கிறோம். பாட்டில் கம்பெனியில் எனக்குச் சாயங்கால ஷிப்ட். சங்கு ஊதுவதற்குள் கேட்டில் நிற்க வேண்டும். அதனால் எந்தப் படத்துக்கும் நான் கிளைமாக்ஸ் பார்த்ததில்லை. வில்லன் துப்பாக்கியை எடுத்ததும் நாங்கள் டிபன் டப்பாவை எடுப்போம். தியேட்டரிலிருந்து கேட் வரைக்கும் நடக்கிற தூரத்தில் மீதிக் கதையை நான் சொல்லி முடிப்பேன், அவள் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறுவாள். எனக்கு நல்ல படம் என்றால் கேட் வருவதற்குள் முடித்துவிட முடிகிற படம், அவ்வளவுதான். படகுக்காரன் படம் நல்ல படம். டீக்கடை திரும்புவதற்குள் அவனுக்குச் சொந்தப் படகு வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரட்டைப் போலீஸ் படம் மோசம், யார் அண்ணன் என்றே கேட்டில் நின்றும் பிரிக்க முடியவில்லை. நீ மெச்சிக்கொண்டாயே, பரிசு வாங்கின படம், ஒரு ஆள் படம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பானே, அதில் எப்போது எழுந்து போனாலும் ஒன்றும் குறையவில்லை. எழுந்து போகாதவனுக்குத்தான் நஷ்டம். உன் ரசனையை நான் குறை சொல்லவில்லை, உனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்தது டெய்லர் பெண் படம். அவள் படுத்த படுக்கையாக இருப்பாள், லாரி ஓட்டுகிற புருஷன் வெளியே பெஞ்சில் இருப்பான். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவார். அங்கே நாங்கள் எழுந்துவிட்டோம். தெருவில் இறங்கினதும் சொன்னேன்: கண்ணாடி அழுக்காக இருந்தது, துடைப்பதற்குக் கழற்றினார். அவள் எழுந்து நடந்தாள், ரெண்டு மிஷின் போட்டுக் கடை திறந்தாள், அந்த டாக்டரின் கோட்டுக்கே பட்டன் தைத்துக் கொடுத்தாள், கூலியும் கறாராக வாங்கினாள். உன் அக்கா கேட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

போன வாரம் நம் டாக்டர் வெளியே வந்தார், மாப்பிள்ளை. என் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அம்மாவுக்கு எது ஆசையோ அதைச் செய்யுங்கள் என்றார். எனக்குப் படிப்பு கம்மி, ஆனால் அது புரிந்தது. உள்ளே போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். "அந்த டெய்லர் படத்தைக் கடைசி வரைக்கும் பாக்கணும்" என்றாள். நீ போனில் ஏற்றிக் கொடுத்ததில் அதுவும் இருந்தது. நாமே முதலில் முடிவைப் பார்த்துவிடுவோம் என்று வராந்தாவுக்குப் போய்ப் போட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வாயைத் திறந்தார். அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை வரும்போது, படம் எங்கேயும் கிடைக்கவில்லை என்று சொல். நீ முழுசாகப் பார்த்தவன் என்று அவளுக்குத் தெரியும், முடிவு என்ன என்று கேட்பாள். எழுந்து நடந்தாள், ரெண்டு மிஷின், கோட்டுப் பட்டன். ஒன்றும் மாற்றாதே. உனக்குப் பொய் சொல்ல வராது, பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வா. உன் பிள்ளைகள் குறையில்லாமல் வளரட்டும், உன் தொப்பை மட்டும் குறையட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் செய்யாதே. அவள் தூங்கவில்லை. நான் சொல்லிச் சொல்லி எழுதினதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவனை எதுக்குப் பொய் சொல்லச் சொல்றீங்க, படத்துல அவ செத்துருவா. எனக்குத் தெரியும்" என்றாள். எப்படி என்றேன். ஒவ்வொரு படத்துக்கும் மறுநாள் பக்கத்து வீட்டம்மாவோடு போய் முடிவைப் பார்த்துவிட்டு வருவாளாம். என் முடிவு நன்றாக இருந்ததால் சொல்லவில்லையாம். தெரிந்த படத்தை மறுபடி ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "நீங்க பாத்ததில்லையே. ஒரு தடவை என் பக்கத்துல உக்காந்து பாத்துருங்க" என்றாள்.

அதனால் படத்தைக் கொண்டுவா. போனும் கொண்டுவா. டாக்டர் வாயைத் திறந்த நேரத்தில் அவசரமாக அணைக்கப் போய், நீ கொடுத்த போன் தரை துடைக்கிற வாளியில் விழுந்துவிட்டது. நான் தேடி எடுப்பதற்குள் துப்புரவு அம்மா வாளியை எடுத்துக்கொண்டு போய் ரெண்டு வார்டு துடைத்துவிட்டது. வார்டு சுத்தமாக இருக்கிறது.