கிளம்பாத லாரி

பதினோரு மணிக்கு இலவசச் சவாரி என்று எழுதி வைத்தாயிற்று. பத்து ஐம்பத்தைந்துக்கு லாரி கிளம்ப மாட்டேன் என்றது.

நெவில் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். எண்பது வயது தாண்டிய அந்த ராணுவ லாரி இருமியதோடு சரி.

“காலையில நல்லாத்தானே ஓட்டிட்டு வந்தேன்?”

“பெட்ரோல் வரலையோ என்னவோ,” என்றார் கிளைவ். வரிங்கா ஊரின் பழைய ராணுவ வண்டிச் சங்கத்திலேயே இளையவர் இவர்தான். வயது அறுபத்தாறு. மற்றவர்கள் இவரைப் பொடியன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சங்கத்தின் சங்கடமே அதுதான். இன்று சாயங்காலத்துக்குள் முப்பது வயதுக்குக் கீழே ஓர் ஆளாவது சேராவிட்டால் சங்கத்தைக் கலைத்து, வண்டிகளை மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குத் தள்ளிவிடுவதென்று தீர்மானம். மூன்று வருடமாக இளசுகளுக்கு வலை வீசிப் பார்த்துவிட்டார்கள். அகப்பட்டவர்களை நெவில் நிற்க வைத்து அச்சாணியில் ஆரம்பித்து வரலாறு சொல்லுவார். வண்டியில் மட்டும் ‘தொடாதே’ என்று மூன்று பலகை. வந்தவர்கள் சாஸேஜ் ரொட்டியைத் தின்றுவிட்டுக் கம்பி நீட்டினார்கள்.

வரலாற்றில் ஒரு கதை அவருக்கு உயிர். 1974-இல் இதே மைதானத்தில் இதே லாரி படுத்துக்கொண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேக் விற்றுக்கொண்டிருந்த மார்லீன் மட்டும் வந்து எஞ்சினுக்குள் தலையை விட்டாள். எந்தத் திருட்டுப் பயலோ ரோட்டரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். கட்டைவிரல் அளவுச் சாமான்தான், ஆனால் அது இல்லாமல் பொறி பறக்காது. “எங்கப்பா கொட்டகையில ஒண்ணு கிடக்கு” என்று ஓடிப்போய் எடுத்து வந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அவளுடைய அப்பா பேக்கரிக்காரர். ரொட்டி சுடுகிறவர் வீட்டில் ராணுவ லாரிச் சாமான் இருந்ததே, அதுதான் விதி என்று நெவில் கதையை முடிப்பார்.

பிறகு அவருக்கு மனைவியான அந்த மார்லீன் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்து இருக்கையில் அவளுடைய மெத்தை அப்படியே இருந்தது. அதில் யாரையும் உட்காரவிட அவருக்கு மனசு வரவில்லை. யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்ற ஏக்கமும் விடவில்லை.

கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றினார். மைதானம் முழுக்க நாற்றம். கிளைவ் பாட்டரியை மாற்றினார். ஹாரன் மாட்டிக்கொண்டு ஓயாமல் அலறத் தொடங்கியது.

அந்த அலறலைக் கேட்டு, பக்கத்தில் நெட்பால் ஆடிக்கொண்டிருந்த பெண்கள், சைக்கிள் பையன்கள் என்று ஒரு கூட்டமே ஓடி வந்தது.

“என்ன பெருசு, யானைக்குப் பிரசவமா?”

“தள்ளி நில்லுங்க! தொடாதீங்க!”

“தொடாம எப்படிப் பாக்கறதாம்?” நெட்பால் உடையில் இருந்த ஒருத்தி அதற்குள் பம்பரில் ஏறிவிட்டாள். பெயர் டேலியா. ஒரே இழுப்பில் ஹாரன் வயரைப் பிடுங்கினாள். அலறல் நின்றது.

நெவில் கத்துவதற்காக வாயைத் திறந்தார். எட்டு இளந்தலைகள் எஞ்சினுக்குள் குனிந்திருந்தன. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“இந்த மூடிக்குள்ள ஏதோ இருக்கணுமே?” என்றாள் டேலியா.

எட்டிப் பார்த்தார். ரோட்டர் இல்லை.

“மறுபடியுமா! அதே திருட்டுப் பய!”

“அவனுக்கு இப்ப எம்பது வயசு ஆயிருக்கும்யா,” என்றார் கிளைவ்.

நடு மைதானத்தில் வண்டியை விட முடியாது. எட்டுப் பேரும் தோள் கொடுத்து மர நிழலுக்குத் தள்ளினார்கள். கை, முகமெல்லாம் கிரீஸ். இது போருக்குப் போனதா, தண்ணீரில் இறங்குமா, எத்தனை பேர் ஏறலாம் என்று கேள்வி மேல் கேள்வி. டேலியா மூச்சு வாங்க ஏறி, மெத்தையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“இது யாரோட மெத்தை?”

“மார்லீனோடது,” என்றார் நெவில். “பரவால்ல, உக்காரு.”

“அடுத்த சனிக்கிழமை அந்தச் சாமானைத் தேடிப் பிடிச்சு நாமளே மாட்டுவோம். சங்கத்துல சேர எங்க கையெழுத்துப் போடணும்?”

விண்ணப்பம் அச்சடிக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ‘தொடாதே’ பலகையின் பின்பக்கத்தில் எட்டுப் பேரும் கிரீஸ் கையால் பெயர் எழுதினார்கள்.

“அப்பாடா, இனிமே நான் பொடியன் இல்ல!” என்று கிளைவ் கூத்தாடினார்.

நெவில் தனியாக நின்றார். மார்லீன் இருந்திருந்தால் இந்நேரம் எங்கேயாவது ஓடிப்போய் ஒரு ரோட்டரோடு வந்து நிற்பாள். இந்தக் கூட்டத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று நெஞ்சு வலித்தது.

டீக் கூடாரத்திலிருந்து அவளுடைய தங்கை ஜாய்ஸ் கோப்பையோடு வந்தாள். சாஸரில், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில், அந்த ரோட்டர் இருந்தது.

“என்னைத் திட்டாதே நெவில். ‘வண்டி ஓடற வரைக்கும் அந்த மனுஷன் யாரையும் கிட்ட விடமாட்டாரு, எழுபத்தி நாலுல நான் கழட்டி ஒளிச்சு வச்ச மாதிரி நீயும் ஒரு தடவை செஞ்சிடு’ன்னு அக்கா கடைசியா சொல்லிட்டுப் போனா.”